பற்று எந்தப் பக்கம், மாமா?

மே மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர்த் தெருக்களில் இரண்டு விதமான வீடுகள்தான் உண்டு. பத்தாவது எழுதிய பிள்ளை இருக்கும் வீடு. ப்ளஸ் டூ எழுதிய பிள்ளை இருக்கும் வீடு. பால்காரர், கேபிள்காரர், ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டுக்காரர் என்று எல்லோரும் வாசலில் நின்று "மார்க் எவ்வளவு?" என்று அக்கறையாகக் கேட்பார்கள். (நல்ல மார்க் என்று தெரிந்தால் அக்கறை கொஞ்சம் குறையும். அது வேறு விஷயம்.)

நடுவில் மாட்டிக்கொண்ட ப்ளஸ் ஒன்னை யாரும் சீந்துவதில்லை. "இப்ப என்ன படிக்கே?" என்பார்கள். "ப்ளஸ் ஒன்" என்று பிள்ளை சொல்லும். "ஓ... அப்ப அடுத்த வருஷம் ப்ளஸ் டூவா!" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். பாளையங்கோட்டைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் வாகைக்குளம் மாதிரி. பஸ் நிற்கும், இறங்குவதற்கு ஆள் இருக்காது. (விமானம் பிடிக்கிற பெரிய மனிதர்கள் மன்னிக்கவும்.) ப்ளஸ் ஒன்னுக்கு என்று ஊரறியக் கிடைக்கிற ஒரே மரியாதை, அரசாங்கம் கொடுக்கிற இலவச சைக்கிள்தான்.

எங்கள் அப்பா காலத்தில் ப்ளஸ் ஒன்னே கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, வ.உ.சி. கல்லூரியில் பி.யூ.சி. சேர்ந்து, பதினாறு வயசிலேயே "காலேஜ் ஸ்டூடண்ட்" என்று தலையை ஒரு பக்கமாக வாரிக்கொண்டு திரிந்திருக்கிறார். 1978-ல் பி.யூ.சி.யை எடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்திலேயே இரண்டு வருஷம் கூட்டி ஹையர் செகண்டரி என்று வைத்தார்கள். இரண்டு வருஷப் படிப்பு, ஆனால் பரீட்சை இரண்டாவது வருஷத்துக்கு மட்டும். விட்டால் போதாதா? நான் 2005-ல் ப்ளஸ் ஒன் படித்தபோது அதற்கு "ரெஸ்ட் எடுக்கிற வருஷம்" என்றே பெயர். ஆனால் சில பெரிய தனியார் பள்ளிகளில் ரெஸ்ட்டும் கிடையாது, ப்ளஸ் ஒன்னும் கிடையாது. ஜூன் மாதமே ப்ளஸ் டூ புத்தகத்தைப் பிரித்து, ஒரே பாடத்தை இரண்டு வருஷம் உருட்டி, 1200-க்கு 1180 வாங்க வைத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளைகள் காலேஜுக்குப் போய் முதல் செமஸ்டரில் முழிப்பார்கள். அகில இந்திய நுழைவுத் தேர்வுகளில் பாதிக் கேள்வி ப்ளஸ் ஒன் பாடத்திலிருந்து வந்து நிற்கும்.

இதற்கு வைத்தியமாகத்தான் 2017-ல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு என்று அறிவித்தார்கள். 2018 மார்ச்சில் முதல் பரீட்சை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷம் வரிசையாகப் பொதுப் பரீட்சை. மூன்று வருஷமும் வீட்டில் டி.வி. கிடையாது, கல்யாணம் காட்சி கிடையாது. வைத்தியம் நோயைவிடக் கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் என் அக்கா மகள் 2025 ஜூன் மாதம் ப்ளஸ் ஒன் சேர்ந்தாள். மில்லர்புரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம். அத்தான் கப்பலில் வேலை பார்க்கிறவர். ஏழு மாதம் கடல், மூன்று மாதம் வீடு. அதனால் ஸ்கூல் சமாச்சாரம் எல்லாம் தாய்மாமன் தலையில். தாய்மாமன் பி.காம். வேறு. பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன் என்பதால் "வீட்டுல சும்மாதானே இருக்கான்" என்ற நற்பெயரும் உண்டு.

பிள்ளை காமர்ஸ் குரூப் எடுத்தது குடும்பத்தில் ஒரு சின்னப் புயலைக் கிளப்பியது. "நானூத்திச் சொச்சம் எடுத்த பிள்ளைய எவனாவது காமர்ஸ்ல சேப்பானா? அதுவும் தமிழ் மீடியம்!" என்று கோவில்பட்டிப் பெரியம்மா போனிலேயே மூக்கைச் சிந்தினாள். சயின்ஸ் குரூப் கிடைக்காதவர்கள் ஒதுங்குகிற சத்திரம் என்றுதான் காமர்ஸைப் பற்றி இன்னும் பல பேருக்கு நினைப்பு.

நான் விடவில்லை. "பெரியம்மா, இந்த ஊர் எதுல ஓடுது? துறைமுகத்துல. கப்பல்ல ஒரு பெட்டி ஏறணும்னா எத்தனை பில்லு, எத்தனை பேப்பர்! ஏஜென்சி ஆபீஸ், உப்புக் கம்பெனி, மீன் ஏற்றுமதி, பருப்பு மண்டி... எல்லா இடத்துலயும் கணக்குத் தெரிஞ்ச ஆள்தானே உட்காந்திருக்கான்? டாக்டரா கப்பல் ஏத்துதாரு?" என்றேன். பெரியம்மா போனை வைத்துவிட்டாள். சமாதானமாகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

உண்மையில் இந்த ஊருக்குக் காமர்ஸ் புதுசும் இல்லை. வ.உ.சி. 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தொடங்கினபோது, மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. பெருக்கிப் பாருங்கள், சரியாக இருக்கும். கப்பலோட்டிய தமிழன் என்று மட்டும் சொல்கிறோம். அதற்கு முன்னால் உட்கார்ந்து பங்கு விற்ற தமிழன் அவர்!

ஜூன் 2-ம் தேதி பள்ளிக்கூடம் திறந்தது. மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேள்வி வந்து விழுந்தது.

"மாமா, ரொக்கம் உள்ள வந்தா பற்றா, வரவா?"

"பற்று."

"அது எப்படி? பணம் வந்தா வரவுதானே? அம்மா நோட்டுல அப்படித்தானே எழுதுதா? அப்பா அனுப்பினது வரவு, மளிகை செலவு."

அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "நான் பதினெட்டு வருஷமா அப்படித்தான் எழுதுதேன். இப்ப தப்புங்கியா?" என்றாள்.

வாசகர்களே, உங்களில் காமர்ஸ் படித்தவர்கள் சிரித்திருப்பீர்கள். படிக்காதவர்களுக்காக ஒரு நிமிஷம். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கு டெபிட், கிரெடிட் என்பது இரண்டு புது வார்த்தை. மனப்பாடம் பண்ணிவிட்டுப் போய்விடும். தமிழ் மீடியம் பிள்ளைக்கு அப்படியில்லை. பற்று, வரவு இரண்டும் தாத்தா காலத்திலிருந்து வீட்டில் புழங்குகிற வார்த்தைகள். மளிகைக்கடை அண்ணாச்சி நோட்டில் "பற்று" என்றால் நாம் கொடுக்க வேண்டிய பாக்கி. பாங்க் பாஸ்புக்கில் பணம் போட்டால் "வரவு". ஆனால் புத்தகத்தைத் திறந்தால் பணம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று என்று போட்டிருக்கிறது. பதினைந்து வயசுப் பிள்ளை எதை நம்பும்? அண்ணாச்சியையா, பாடநூல் கழகத்தையா?

மறுநாள் அவர்கள் கணக்கு ஸார் இதை வகுப்பில் அவிழ்த்த விதத்தை அவள் வந்து சொன்னாள். எனக்குப் பொறாமையாகவே இருந்தது. நான் மூன்று வருஷம் காலேஜில் படித்து இதை யாரும் இப்படிச் சொல்லவில்லை.

ஸார் மூன்று பேரை எழுப்பி நிற்க வைத்திருக்கிறார். ஒருத்தி அப்பா. ஒருத்தி பணப்பெட்டி. ஒருத்தி அம்மா, அவள் கையில் நோட்டு. சாக்பீஸ்தான் பணம். அப்பா சாக்பீஸைக் கொடுக்கிறார், பணப்பெட்டி வாங்கிக்கொள்கிறது. "இப்ப அம்மா நோட்டுல 'அப்பா, வரவு'னு எழுதுதா. யார் பேருக்கு நேரா எழுதுதா? கொடுத்தவர் பேருக்கு நேரா. கொடுத்தவருக்கு வரவு வைக்கணும். சரியாத்தான் எழுதியிருக்கா. ஆனா பெட்டி வாங்கிச்சே, அதை எங்க எழுதினா? எழுதவே இல்ல. வாங்கினவருக்குப் பற்று. அதையும் எழுதச் சொல்லுது நம்ம புஸ்தகம். அம்மா ஒரு பக்கம் எழுதுதா, நாம ரெண்டு பக்கமும் எழுதுதோம். அவ்வளவுதான் வித்தியாசம்."

அண்ணாச்சி நோட்டும் அதே கதைதான். அது அவருடைய நோட்டு. அதில் நம் பெயருக்கு ஒரு பக்கம். நாம் அரிசி வாங்குகிறோம், நமக்குப் பற்று. பாஸ்புக்கும் அப்படியே. அது பாங்கின் பேரேட்டில் நம் பெயரில் இருக்கிற பக்கத்தின் நகல். நாம் கொடுக்கிறோம், நமக்கு வரவு. எல்லோரும் சரி. எது யாருடைய நோட்டு என்று கேட்கத் தெரிந்தால் முடிந்தது விவகாரம்.

1494-ல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பசியோலி என்ற பாதிரியார் இந்த இரட்டைப் பதிவு முறையை அச்சுப் புத்தகத்தில் ஏற்றினார். லியனார்டோ டா வின்சிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். வெனிஸும் துறைமுகம், தூத்துக்குடியும் துறைமுகம். சாக்பீஸ் ஸார் அங்கே பிறந்திருந்தால் அந்தப் புத்தகம் இன்னும் கொஞ்சம் சுருக்கமாக வந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

கணக்குப்பதிவியலில் இன்னொரு விசேஷம். இயற்பியலும் வேதியியலும் ஆறாம் வகுப்பு அறிவியலிலேயே எட்டிப் பார்த்திருக்கும். கணிதம் எல்.கே.ஜி.யிலிருந்து துரத்துகிறது. ஆனால் பத்தாவது வரை கணக்குப்பதிவியல் என்று ஒன்று கிடையவே கிடையாது. ப்ளஸ் ஒன் ஜூன் மாதம் அந்தப் புத்தகத்தைத் திறக்கும்போது, பத்தாவதில் 480 எடுத்தவனும் 210 எடுத்தவனும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். பன்னிரண்டு வருஷப் படிப்பில் பழைய பாக்கி இல்லாத பீரியட் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அப்படியும் முதல் இடைத்தேர்வு வகுப்பைப் புரட்டிப் போட்டுவிட்டது. ஜூலையில் நடந்தது, 50 மார்க். நாற்பத்து நாலு பிள்ளைகளில் பாதிக்கு மேல் பாஸ் மார்க்கைத் தொடவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு 36. அவள் பெஞ்சுத் தோழிக்கு 8.

அந்தத் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முள்ளக்காடு பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளை. அப்பா இல்லை. அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. உப்பளம் என்றால், காரில் போகும்போது வெள்ளை வெளேரென்று குவித்து வைத்திருப்பார்களே, நிறுத்தி ஃபோட்டோ எடுக்கிறோமே, அது. அந்த வெள்ளைதான் கண்ணைக் கெடுக்கும், காலைப் புண்ணாக்கும். வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும் என்று விடியற்காலையிலேயே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். மழைக்காலம் வந்தால் அந்த வேலையும் கிடையாது. அந்த மாதங்களுக்கு அரசாங்கம் 2022 முதல் 5,000 ரூபாய் நிவாரணம் என்று கொடுக்க ஆரம்பித்தது. மீதி வயிற்றுக்கு முதலாளியிடம் முன்பணம். சீசனில் கூலியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

"மாமா, அவ இனிமே வரமாட்டாளாம். எட்டு மார்க் எடுத்ததுக்கு எதுக்குப் பஸ்ஸுக்கு அழணும்னு அவங்க அம்மா ஜவுளிக்கடையில சேத்துவிடப் போறாங்களாம்" என்று பனிமய மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் ராட்டினத்துக்கு டிக்கெட் வாங்கும்போது சொன்னாள். ராட்டினம் ஏறவே இல்லை, திரும்பி வந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 5 மாதா கோயில் திருவிழா உள்ளூர் விடுமுறை. அந்த வாரக் கடைசி, 9-ம் தேதி சனிக்கிழமை, ப்ளஸ் ஒன் பெற்றோர் கூட்டம். அதற்கு முந்தின நாள்தான், 2025 ஆகஸ்ட் 8-ம் தேதி, மாநிலக் கல்விக் கொள்கையை முதலமைச்சர் வெளியிட்டார். ப்ளஸ் ஒன் பொதுத் தேர்வு அந்த வருஷத்திலிருந்தே கிடையாது என்று செய்தி. ஆக, இரண்டு மாதம் பொதுப் பரீட்சைக்காகப் படித்த பிள்ளைகளுக்கு நடுவழியில் பரீட்சை காணாமல் போய்விட்டது!

கூட்டத்துக்கு வந்த எல்லோர் வாயிலும் அதே பேச்சு. பெண்கள் பக்கத்தில் பொதுவாகச் சந்தோஷம். ஆண்கள் பக்கத்தில் கவலை. (பரீட்சை இல்லையென்றால் பிள்ளையை எதைச் சொல்லி மிரட்டுவது?) ஹெட்மாஸ்டர் பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு அண்ணாச்சி எழுந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நாலு விரலில் மோதிரம்.

"ஸார், பரீட்சைதான் இல்லன்னு ஆயிட்டே. இனி பதினொன்னாங் கிளாஸ் பாடத்தக் கட்டிக்கிட்டு எதுக்கு மாரடிக்கணும்? திங்கக்கிழமையிலிருந்து ப்ளஸ் டூ பாடத்த ஆரம்பிச்சிருங்க. ஒண்ணே முக்கால் வருஷம் கிடைக்கும். நம்ம ஸ்கூலும் செண்டம் காட்டலாம்."

சிலர் கைதட்டினார்கள். எனக்குச் சொரேர் என்றது. பழைய நோய் பன்னிரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்து முன்வரிசையில் மோதிரத்தோடு உட்கார்ந்திருக்கிறதே!

கணக்கு ஸார் எழுந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் சாக்பீஸ் தூள். "அண்ணாச்சி, ப்ளஸ் டூ கணக்குப்பதிவியல்ல முதல் பாடம் என்ன தெரியுமா? முழுமை பெறா பதிவேடுகள். பதினொன்னாங் கிளாஸ முடிக்காம அதத் தொடங்கினோம்னா, பிள்ளையளே முழுமை பெறாத பதிவேடா ஆயிருவாங்க."

ஹெட்மாஸ்டர் சிரித்துவிட்டார். ஹெட்மாஸ்டர் சிரித்தால் கூட்டமும் சிரிக்க வேண்டுமல்லவா? சிரித்தது. அண்ணாச்சி மோதிரத்தைத் திருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்தச் சிரிப்பு அடங்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "ஸார், நான் ஒண்ணு கேக்கலாமா? பரீட்சை இல்லன்னா... எம் பிள்ள பெயில் இல்லதானே?"

உப்பளத்துக்காரம்மா. அரை நாள் வேலையை முடித்துவிட்டு வந்திருந்தார். காலில் வெடிப்பு வெடிப்பாக உப்பு பூத்திருந்தது.

நான் இரண்டு மாதமாக நாளிதழ்களில் படித்த தலையங்கங்களைவிட இந்தக் கேள்விதான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தது. பரீட்சை போனதில் மோதிர அண்ணாச்சிக்குக் கிடைத்தது ஒரு குறுக்கு வழி. இந்த அம்மாவுக்குக் கிடைத்தது கொஞ்சம் மூச்சு. ஒரே அறிவிப்புதான், யார் நோட்டில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்துப் பற்றாகவும் இருக்கிறது, வரவாகவும் இருக்கிறது.

"பெயில் இல்லம்மா. இது சும்மா ஒரு டெஸ்ட்டு. பிள்ளைய நிப்பாட்டிராதிய. காலாண்டு வரைக்கும் எனக்குக் குடுங்க" என்றார் ஸார். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, "வீட்டுல கணக்கு யாரு பார்க்கா?" என்று கேட்டார்.

"நான்தான் ஸார். அம்மாவுக்கு எழுத வராது. வேலை பார்த்த நாள், வாங்கின பணம், பிடிச்ச பணம் எல்லாம் ராத்திரி அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஏழாவது படிக்கறப்ப இருந்து."

ஸார் நெற்றியில் தட்டிக்கொண்டார். "ஏட்டி, நாலு வருஷமா பேரேடு எழுதுறவளுக்கா நான் எட்டு மார்க் போட்டேன்?"

அந்தப் பிள்ளை குழம்பியதும் அங்கேதான். முதலாளி கொடுத்த பணத்தை "வரவு" என்று நாலு வருஷமாக எழுதிப் பழகிய கை, ரொக்கம் பற்று என்றதும் அப்படியே நின்றுவிட்டது. மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாததால் குழப்பம். இவளுக்குத் தெரிந்ததால் குழப்பம்.

அப்புறம் ஆகஸ்ட் மாதம் முழுக்க அந்த வகுப்பு நடந்த விதம் எனக்குத் தினம் ராத்திரி ஒலிபரப்பாகும். ஸார் 36-ஐயும் 8-ஐயும் ஒரே பெஞ்சில் விட்டதோடு, எல்லா பெஞ்சையும் அதே மாதிரி கலைத்துப் போட்டிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் இருபது நிமிஷம், ஒரே ஒரு கணக்கு. போர்டில் எழுதுவது ஸார் இல்லை; இடைத்தேர்வில் பெயிலான ஒரு பிள்ளை. தப்பாக எழுதினால் யாரும் சிரிக்கக் கூடாது, எந்த வரியில் தப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். குறிப்பேடு முடிந்து பேரேடு, பேரேடு முடிந்து இருப்பாய்வு. இருப்பாய்வு என்றால், எல்லாக் கணக்கிலும் மீதி நிற்கிற பற்றை ஒரு பக்கம், வரவை ஒரு பக்கம் கூட்டினால் இரண்டும் சமமாக வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ கோளாறு. முதல் தடவை இரண்டு பக்கமும் ஒன்றாக வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் தட்டைத் தட்டிக் கொண்டாடினாள். உலகக் கோப்பை ஜெயித்தால்கூட அந்தச் சத்தம் வராது.

ஆசிரியர் தினம் வந்தது. தலைக்கு 20 ரூபாய் வசூல். நாற்பத்து நாலு பேர், 880 ரூபாய். தூத்துக்குடியில் மரியாதை என்றால் மக்ரூன்தானே? முந்திரிப் பருப்பும் முட்டை வெள்ளைக் கருவும் சீனியும் சேர்த்து கூம்பு கூம்பாகச் செய்வார்களே, வாயில் போட்டால் கரைந்துவிடும் (பணமும்தான்). கொஞ்சம் மக்ரூன், மீதிக்கு மிக்சர் என்று வாங்கி எல்லா டீச்சர்களுக்கும் கொடுத்துவிட்டார்கள். அதோடு விட்டிருந்தால் அது சாதாரண வகுப்பு. இவர்கள் உட்கார்ந்து அதற்கு முறைப்படி கணக்கு எழுதியிருக்கிறார்கள். செலவு 870. கையில் பைசா இல்லை. இருப்பாய்வில் பற்றுப் பக்கம் பத்து ரூபாய் இடிக்கிறது!

வசூல் பண்ணினவன் முகம் வெளிறிவிட்டது. "ஏல, நீதானே எடுத்தே" என்று ஒரு குரல் கிளம்புவதற்குள், அந்த உப்பளத்துப் பிள்ளை எழுந்து, "ஸார், தப்பு தெரியிற வரைக்கும் அனாமத்துக் கணக்குல போடலாமா?" என்று கேட்டிருக்கிறாள். பாடத்தில் அது இன்னும் நாலு அத்தியாயம் தள்ளி, பிழைத் திருத்தத்தில் வருகிறது. முன்கூட்டியே படித்துவிட்டிருக்கிறாள். ஆளைக் கள்ளன் என்று சொல்லாமல் தப்பைத் தனியாக எடுத்து வைப்பதற்கு நம் சமூகத்தில் வேறு எங்காவது ஒரு ஏற்பாடு இருக்கிறதா, சொல்லுங்கள்!

பத்து ரூபாய் நாலாம் நாள் கிடைத்தது. மிக்சர் கடைக்காரர் பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட, வாங்கப் போனவன் ஜியோமெட்ரி பாக்ஸில் போட்டு மறந்திருக்கிறான். ரிசர்வ் வங்கி செல்லும் என்று எத்தனை தடவை சொன்னாலும் நம் கடைக்காரர்களிடம் எடுபடுகிறதா? அனாமத்துக் கணக்கை முறைப்படி முடித்து, ரொக்கத்துக்கு மாற்றினார்களாம்.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. வகுப்பில் கணக்குப்பதிவியலில் தவறியவர்கள் ஆறே பேர். அதில் இரண்டு பேர் பரீட்சைக்கே வராதவர்கள். எங்கள் வீட்டு மகாராணிக்கு 71. கணக்குகள் எல்லாம் சரி, விளக்கம் எழுதச் சொன்ன இடத்தில் சோம்பல். 8 எடுத்த பிள்ளைக்கு 58. மோதிர அண்ணாச்சி மகனுக்கு 62. அவனுக்கு வெளியே டியூஷனில் ப்ளஸ் டூ பாடம் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறதாம். பையன் தங்கமானவன், மத்தியான இருபது நிமிஷத்தில் போர்டில் தப்புக் கண்டுபிடிப்பதில் அவன்தான் முதல் என்று கேள்வி. அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இந்த மார்க்குகள் எதுவும் எங்கேயும் அச்சாகாது. ஃபிளெக்ஸ் போர்டு வராது. மே மாதம் யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். ப்ளஸ் டூ சான்றிதழிலும் சேராது. ஆகஸ்டில் இதைப் பற்றி நான் கவலைப்பட்டேன். யாரும் பார்க்காத வருஷத்தில் யார் உழைப்பார்கள் என்று. பரீட்சையை எடுத்தது சரியா தப்பா என்று இப்போதும் எனக்கு முழுத் தீர்மானம் கிடையாது. எல்லா வகுப்பிலும் பையில் சாக்பீஸ் தூளோடு ஒரு ஸார் இருந்தால் சரி. மோதிரக்காரர்கள் ஜெயிக்கிற பள்ளிகளில் அது பிள்ளைகளிடமிருந்து ஒரு வருஷத்தைத் திருடுவதுதான். 2017-க்கு முன்னால் நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

அக்டோபரில் மழை பிடித்தது. உப்பளத்தில் வேலை நின்றது. சீசன் முடிந்து கணக்குப் பார்க்கும் நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்து, இரண்டு பேருமாக வராந்தாவில் பழைய நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலாளி பெயருக்கு ஒரு பேரேட்டுப் பக்கம், கூலிக்கு ஒன்று, ரொக்கத்துக்கு ஒன்று. பிப்ரவரியிலிருந்து தேதிவாரியாக எழுதினார்கள். நான் தலையிடவில்லை. காபி மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, "மாமா, இங்க வாங்க" என்று குரல்.

ஜூன் மாதம் ஒரு வாரத்து முன்பணத்தை இரண்டு தடவை பிடித்திருந்தார்கள். 700 ரூபாய்.

நான் மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். சரிதான்.

அம்மா அந்தத் தாளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு உப்பளத்துக் கணக்கப்பிள்ளையிடம் போயிருக்கிறார். அவர் நல்ல மனிதராக இருக்க வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் நோட்டையும் தாளையும் பக்கத்தில் வைத்து விரலால் ஓட்டிப் பார்த்து, "ஆமா, ரெண்டு வாட்டி விழுந்திருக்கு" என்று ஒத்துக்கொண்டு 700 ரூபாயைக் கொடுத்துவிட்டாராம். அப்புறம்தான் கேட்டிருக்கிறார்: "இத எழுதிக் குடுத்தது யாரு? ஆடிட்டர் ஆபீஸா?"

"எம் மக. ப்ளஸ் ஒன் படிக்கா" என்றிருக்கிறார் அந்த அம்மா.

ஜவுளிக்கடைப் பேச்சு அதோடு நின்றது. நவம்பர் மாதம் வகுப்பில் தேய்மானம் என்ற பாடத்துக்கு வந்துவிட்டார்கள். வருஷா வருஷம் ஒரு பொருளின் மதிப்பு எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போடுகிற பாடம். வீட்டில் மிக்ஸி, ஃபிரிட்ஜ், கட்டில் எல்லாவற்றுக்கும் போட்டு முடித்துவிட்டு, ஒரு நாள் இரண்டு பேருமாக வாசலில் நிற்கிற என் பழைய ஸ்கூட்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ரொம்ப நேரம் குசுகுசுவென்று பேச்சு. கடைசியில் தீர்ப்பு வந்தது.

"மாமா, இதுக்குத் தேய்மானம் போட முடியாது. மதிப்புன்னு ஏதாவது மிச்சம் இருந்தாத்தானே போடலாம்?"